அமெரிக்கச் சிற்றூர் வங்கியும் அதன் பெயர் போட்ட நோட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1863 முதல் 1935 வரை அமெரிக்காவில் ஊருக்கு ஊர் இருந்த வங்கிகளின் பெயரில் டாலர் நோட்டுகள் புழங்கின. 'நேஷனல் பேங்க் நோட்டு' என்பது அவற்றின் பொதுப்பெயர். சேகரிப்பாளர்கள் கூடுகிற இடத்தில் இதில் ஒன்று கைமாறினால் சுற்றி நிற்பவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கீழே கொடுத்திருக்கிறோம். எடுத்துக்காட்டு வேண்டிய இடத்தில் மினசோட்டா மாநிலத்து நார்த்ஃபீல்ட் துணைக்கு வரும். கேனன் ஆற்றங்கரையில் மாவு ஆலையும் கல்லூரியும் சுற்றிலும் வயல்களுமாக இருந்த சின்ன ஊர் அது. அங்கே ஃபர்ஸ்ட் நேஷனல் பேங்க் 1872-இல் தொடங்கியது.

ஒரு சின்ன ஊர் பேங்க் தன் பேரைப் போட்டு நோட்டு அடிச்சுதா? அரசாங்கம் சும்மா விட்டுதா?

வங்கி அடிக்கவில்லை, அரசுதான் அடித்துக் கொடுத்தது. தொடக்கத்தில் நியூயார்க்கின் தனியார் அச்சு நிறுவனங்கள் அரசுக்காக அச்சிட்டன. 1870-களின் பிற்பகுதிக்குள் வேலை முழுவதும் வாஷிங்டனில் உள்ள அரசு அச்சகத்துக்குப் போய்விட்டது. படமும் வடிவமும் நாடு முழுக்க ஒன்றே. வங்கியின் பெயர், ஊர், எண்கள், வங்கிக்காரர்களின் கையெழுத்து ஆகியவை மட்டும் மாறும்.

நோட்டு வேண்டும் என்ற வங்கி, அமெரிக்க அரசின் கடன்பத்திரங்களை வாங்கி வாஷிங்டன் கருவூலத்தில் ஈடாக வைக்க வேண்டும். அந்த ஈட்டின் பேரில்தான் நோட்டு கிடைக்கும். ஆக, நோட்டில் இருக்கும் ஊர்ப்பெயர் ஒரு முகவரி மாதிரி. மதிப்புக்குப் பிணை வாஷிங்டனில் இருந்தது. கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை இதிலேயே இருக்கிறது.

நம் பக்கம் அதே காலத்தில் நடந்தது நேர் எதிர். வங்காளம், பம்பாய், சென்னை ஆகிய மூன்று மாகாண வங்கிகளும் வெளியிட்டுவந்த நோட்டுகளை 1861-ஆம் ஆண்டுச் சட்டம் நிறுத்தி, அந்த உரிமையை அரசே எடுத்துக்கொண்டது.

அதுக்கு முன்னாடி என்ன நோட்டு இருந்தது? எதுக்கு இந்தப் புது ஏற்பாடு?

அதற்கு முன் மாநில அரசுகளிடம் அனுமதி பெற்ற வங்கிகள் தாங்களே தங்கள் இஷ்டத்துக்கு நோட்டு அச்சிட்டன. ஆயிரக்கணக்கான வகைகள் இருந்தன. உள்ளூரில் முழு மதிப்புக்குப் போகும் நோட்டை, நூறு மைல் தள்ளி இருக்கும் வியாபாரி வட்டம் பிடித்துக்கொண்டுதான் வாங்குவார். எது கள்ள நோட்டு, எந்த வங்கி மூழ்கியது என்று பார்க்க அச்சிட்ட கையேடுகளைக் கல்லாவுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள்.

உள்நாட்டுப் போர் வந்தது. செலவுக்குப் பணம் வேண்டும், கடன்பத்திரங்களை வாங்க ஆள் வேண்டும். நிதியமைச்சர் சால்மன் சேஸ் இரண்டு சிக்கலையும் ஒரே முடிச்சில் போட்டார்: பத்திரம் வாங்கும் வங்கிக்கு நோட்டு. 1863 பிப்ரவரி 25-இல் முதல் சட்டம், 1864 ஜூன் 3-இல் அதைத் திருத்தி எழுதிய சட்டம். அப்படியும் மாநில வங்கிகள் தங்கள் நோட்டை விடவில்லை. அவற்றின் மேல் 10 சதவீத வரி போட்டு 1865-இல் சட்டம் வந்து, 1866-இல் அமலானதும் அந்த நோட்டுகள் மறைந்தன.

ஊர்க்காரங்க நாலு பேர் சேர்ந்தா இந்த மாதிரி பேங்க் தொடங்கிடலாமா?

நாலு பேர் போதாது, ஐந்து பேர் வேண்டும். 1864 சட்டப்படி 6,000 பேருக்கு மேற்படாத ஊர் என்றால் மூலதனம் குறைந்தது 50,000 டாலர். அதைவிடப் பெரிய ஊருக்கு 1 லட்சம், 50,000 மக்களுக்கு மேல் உள்ள நகரத்துக்கு 2 லட்சம். பாதியைக் கட்டினால் கதவு திறக்கலாம். மீதியை மாதம் 10 சதவீதத் தவணையாகக் கட்ட வேண்டும். இந்த வங்கிகளை மேற்பார்வையிட்ட அரசு அலுவலகமான நாணயக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம் சரிபார்த்து ஒரு சாசன எண் கொடுக்கும். அந்த எண் வங்கிக்குப் பெயர் மாதிரி, வேறு யாருக்கும் வராது.

கட்டுப்பாடுகளும் கடுமை. ஒருவருக்கே மூலதனத்தில் 10 சதவீதத்துக்கு மேல் கடன் கொடுக்கக் கூடாது. 50,000 டாலர் வங்கி என்றால் உச்சவரம்பு 5,000. நிலத்தை அடமானம் பிடித்துக் கடன் கொடுக்கவும் 1913 வரை தடை. விவசாய ஊர் வங்கிக்கு இது பெரிய இடைஞ்சல். கேட்டு வருபவரிடம் இருப்பதே நிலம்தானே! வங்கி நொடித்தால் பங்குதாரர் தன் பங்கின் முகமதிப்பு அளவுக்கு இன்னொரு தடவை கையிலிருந்து கட்ட வேண்டும். ஆய்வாளர் சொல்லாமல் கொள்ளாமல் வருவார். கணக்கறிக்கையை உள்ளூர்ப் பத்திரிகையில் போட வேண்டும். இந்தப் பத்திரிகை அறிக்கைகள்தான் இன்று வங்கி வரலாறு தேடுபவர்களுக்குக் கிடைக்கும் முதல் தடயம்.

எவ்வளவு பத்திரம் வச்சா எவ்வளவு நோட்டு கிடைக்கும்? கணக்கா சொல்லுங்க.

1864 சட்டத்தின்படி மூலதனத்தில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 30,000 டாலர், இதில் எது அதிகமோ அந்த அளவுக்காவது பத்திரம் வைக்க வேண்டும். 50,000 டாலர் வங்கிக்கு அது 30,000. கிடைக்கும் நோட்டு அதில் 90 சதவீதம், அதாவது 27,000 டாலர். எல்லாம் 5 டாலர் நோட்டாக வாங்கினால் 5,400 நோட்டுகள். ஒரு தாளில் நான்கு நோட்டு என்பதால் 1,350 தாள்கள்.

1900 மார்ச் 14-ஆம் தேதிச் சட்டம் கதவை அகலத் திறந்தது. 3,000 பேருக்கு மேற்படாத ஊரில் 25,000 டாலர் மூலதனமே போதும். நோட்டும் பத்திரத்தின் முழு முகமதிப்புக்குக் கிடைக்கும். மூலதனத்தில் கால் பங்குக்குப் பத்திரம் வைத்தால் போதும் என்பதால், மிகச் சிறிய வங்கிகள் பலவற்றின் கணக்கில் 6,250 என்ற தொகையைப் பார்க்கலாம். மூன்று பத்தும் ஒரு இருபதுமாக வரும் தாளில் 50 டாலர். ஆக 125 தாள்கள், 500 நோட்டுகள். ஒரு நேரத்தில் ஊரின் பெயரில் வெளியே இருந்தது அவ்வளவுதான். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், கடைசியில் விலை பற்றிய கேள்விக்கு இது வேண்டும்.

பத்திரத்துக்கும் வட்டி, நோட்டைக் கடன் கொடுத்தா அதுக்கும் வட்டி. கொள்ளை லாபம்தானே?

அன்றைய அரசியல் மேடைகளிலும் இதே குற்றச்சாட்டு எழுந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் சரிதான். 30,000 டாலருக்கு 6 சதவீதப் பத்திரம் என்றால் ஆண்டுக்கு 1,800 வட்டி வரும். 27,000 டாலர் நோட்டும் கையில் இருக்கும்.

ஆனால் கழிவுகளைப் பாருங்கள். நோட்டின் மேல் ஆண்டுக்கு 1 சதவீத வரி, அதாவது 270 டாலர். 1874-க்குப் பிறகு நோட்டுத் தொகையில் 5 சதவீதத்தை, 1,350 டாலரை, கருவூலத்தில் வட்டியில்லாமல் போட்டு வைக்க வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய அடி பத்திரத்தின் சந்தை விலை. 1880-களில் அரசுப் பத்திரங்கள் முகமதிப்புக்கு மேலேயே விற்றன. 100 டாலர் பத்திரத்தை 120-க்கு வாங்கினால், 36,000 டாலரை முடக்கி 27,000 டாலர் நோட்டுதான் பெறலாம். அதனால் வங்கிகள் பத்திரத்தை விற்று லாபம் பார்த்து, நோட்டைக் குறைத்துக்கொண்டன. 1882-க்கும் 1891-க்கும் இடையில் நாட்டில் புழங்கிய நேஷனல் பேங்க் நோட்டுகளின் தொகை ஏறத்தாழப் பாதியாக இறங்கியது. கொள்ளை லாபம் என்றால் இப்படி நடந்திருக்காது.

நோட்டு ஊருக்கு எப்படி வந்து சேர்ந்தது? வந்த உடனே செலவழிக்கலாமா?

வெட்டாத தாளாக, எக்ஸ்பிரஸ் பார்சலில் வரும். 1929-க்கு முந்தைய பெரிய அளவு நோட்டுகள் தாளுக்கு நான்கு: ஐந்து டாலர் நான்கு, அல்லது பத்து மூன்றும் இருபது ஒன்றும், இப்படி. வந்த நிலையில் அது முழுமையான நோட்டு இல்லை. வங்கித் தலைவரும் கேஷியரும் ஒவ்வொன்றிலும் பேனாவால் கையெழுத்திட வேண்டும். 1,350 தாள் என்றால் ஆளுக்கு 5,400 கையெழுத்து. இடது பக்கம் கேஷியர், வலது பக்கம் தலைவர். சலித்துப்போனவர்கள் பிற்காலத்தில் ரப்பர் முத்திரை செய்துகொண்டார்கள், சிலர் உள்ளூர் அச்சகத்தில் கையெழுத்தை அச்சடித்துக்கொண்டார்கள்.

பிறகு கத்தரி. ஓரம் கோணலாக இருக்கிறதே, போலியோ என்று பயப்படுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வெட்டியது வங்கி ஊழியர், இயந்திரம் அல்ல. கந்தலான நோட்டுகள், 1874-க்குப் பிறகு, வாஷிங்டனில் இருந்த மீட்பு அலுவலகத்துக்குப் போகும். அங்கே வங்கிவாரியாகப் பிரித்து, எண்ணி, கூழாக்கிவிட்டு, அதே அளவுக்குப் புதிய தாள்களை வங்கிக்கு அனுப்புவார்கள்.

கையெழுத்துப் போட்ட 'கேஷியர்' கவுன்டர்ல உக்காந்து பணம் எண்றவரா?

இல்லை. நம் ஊரில் கேஷியர் என்றால் கல்லாக்காரர். அன்றைய அமெரிக்கச் சிற்றூர் வங்கியில் கேஷியர்தான் மேலாளர். கடன் கொடுப்பதா வேண்டாமா என்று அன்றாடம் முடிவு செய்பவர் அவர். தலைவர் பெரும்பாலும் ஊரின் பெரிய வியாபாரியாகவோ ஆலைக்காரராகவோ இருப்பார். பணம் எண்ணுபவர் 'டெல்லர்'.

எந்த ஊரைப் பார்த்தாலும் 'ஃபர்ஸ்ட் நேஷனல் பேங்க்'. எல்லாம் ஒரே பேங்க்கோட கிளைகளா?

கிளையே கிடையாது. ஒவ்வொன்றும் தனி வங்கி, தனி முதலாளிகள். தொடக்கத்தில் சேஸ், வங்கிகளுக்கு வரிசை எண்ணே பெயராக இருக்கட்டும் என்று வற்புறுத்தினார். ஊரில் முதலில் வந்தது ஃபர்ஸ்ட், அடுத்தது செகண்ட். பழைய பெயரை விட மனமில்லாத பெரிய வங்கிகள் இதனாலேயே சேரத் தயங்கின. முதல் நாணயக் கட்டுப்பாட்டாளர் ஹ்யூ மெக்கல்லக் பேசிப் பார்த்த பிறகு விதி தளர்ந்தது. 1902 வரிசை 20 டாலர் நோட்டில் இருக்கும் முகம் இவருடையதுதான்.

நார்த்ஃபீல்ட்ல ஜெஸ்ஸி ஜேம்ஸ் கும்பல் அடிச்ச பேங்க் இதுதானா? கையெழுத்துப் போடாத நோட்டைத் திருடினா செல்லுமா?

அதேதான். 1876 செப்டம்பர் 7 பிற்பகல், எட்டுப் பேர் வந்தார்கள். அன்று கேஷியர் ஊரில் இல்லை. பொறுப்பில் இருந்தவர் கணக்கர் ஜோசஃப் லீ ஹேவுட். பெட்டகத்துக்கு நேரப்பூட்டு போட்டிருக்கிறது, திறக்க முடியாது என்று சொல்லி மறுத்தார், சுட்டுக் கொன்றார்கள். உள்ளே இருந்த பெட்டி உண்மையில் பூட்டப்படவே இல்லை. கொள்ளையர் இழுத்துப் பார்க்கவில்லை. தெருவில் ஊர்க்காரர்கள் துப்பாக்கி எடுத்ததில் இருவர் அங்கேயே விழுந்தார்கள். வழிப்போக்கரான நிக்கலஸ் குஸ்டாஃப்ஸனும் குண்டுபட்டு இறந்தார். கும்பலுக்குக் கிடைத்தது 26 டாலர் 70 சென்ட். இரண்டு வாரம் கழித்து மடீலியா அருகே, கும்பலில் இருந்த யங்கர் சகோதரர் மூவரும் பிடிபட்டார்கள். ஜேம்ஸ் சகோதரர்கள் தப்பினார்கள். வங்கி இருந்த கட்டடம் இன்று உள்ளூர் வரலாற்றுச் சங்கத்தின் அருங்காட்சியகம்.

கையெழுத்தில்லாத நோட்டு விஷயம் வேறு. மேலே சொன்னபடி, கையெழுத்து விழுந்தால்தான் நோட்டு முழுமையாகும். அதனால் பெட்டகத்தில் கிடந்த கையெழுத்தில்லாத தாள்களைத் திருடி, கள்ளக் கையெழுத்துப் போட்டுப் புழங்கவிட்டால், அதைத் தெரியாமல் வாங்கியவர் கதி என்ன என்ற வழக்கு நெடுநாள் இருந்தது. 1892 ஜூலை 28-ஆம் தேதிச் சட்டம் அதை முடித்தது: கையெழுத்து இல்லாவிட்டாலும் போலியானாலும் நோட்டுக்குப் பணம் உண்டு, சுமை வங்கியின் தலையில். அதன் பிறகு கையெழுத்து சடங்காகிப்போனது.

பேங்க் திவால் ஆனா அந்த நோட்டு வெறும் காகிதம்தானே?

இல்லை. முதல் பதிலில் சொன்ன ஈடு இதற்காகத்தான். வங்கி மூடினால் கருவூலம் பத்திரத்தை விற்று, நோட்டு வைத்திருப்பவருக்கு முழுப் பணம் கொடுக்கும். பத்திர விலை போதாவிட்டால் வங்கியின் மற்ற சொத்தின் மேல் அரசுக்கே முதல் உரிமை. மூடிய வங்கியின் நோட்டை எந்த வட்டமும் இல்லாமல் அடுத்த ஊர்க் கடையில் கொடுத்துச் சாமான் வாங்கலாம்.

அடி வாங்கியவர் கணக்கில் பணம் போட்டவர். அதே வங்கியில் 100 டாலர் நோட்டாகக் கையில் வைத்திருந்தவர் தப்பினார், 100 டாலர் டெபாசிட் போட்டவர் சொத்து கலைத்து வரும் பங்குக்கு வருடக்கணக்கில் காத்திருந்தார். டெபாசிட்டுக்கு நாடு தழுவிய காப்பீடு வந்தது 1934-இல்தான்.

இந்த நோட்டைக் கொடுத்தா தங்கம் கொடுப்பாங்களா?

சட்டம் சொன்னது 'சட்டப்படியான பணம்' கொடுக்க வேண்டும் என்றுதான். அரசின் கிரீன்பேக் நோட்டைக் கொடுத்தாலும் கடமை தீர்ந்தது. மற்ற எந்த நேஷனல் வங்கியும் இதை முழு மதிப்புக்கு ஏற்க வேண்டும் என்ற விதி இருந்ததால், மாற்றித் தரச் சொல்லி யாரும் அந்த ஊருக்கே போக வேண்டிய தேவை இருக்கவில்லை.

ஒரு நோட்டுல இத்தனை எண் இருக்கே, எது என்னது?

பெரிய அளவு நோட்டில் முதலில் சாசன எண்ணைத் தேடுங்கள். 1874-க்குப் பிறகு அச்சானவற்றில் அது கட்டாயம். கந்தல் நோட்டுகளை வங்கிவாரியாகப் பிரிப்பதற்கு வசதியாகக் கொண்டுவந்தார்கள். வரிசை எண் இரண்டு இருக்கும்: ஒன்று கருவூலத்தின் எண், இன்னொன்று அந்த வங்கிக்குப் போன தாளின் எண். 1925-இல் கருவூல எண்ணை நிறுத்தி, வங்கி எண்ணையே இரண்டு இடத்திலும் போட்டார்கள். ஒரே தாளின் நான்கு நோட்டுக்கும் ஒரே வரிசை எண்தான். அச்சுத் தகட்டில் நோட்டின் இடத்தைக் குறிக்கும் ஏ, பி, சி, டி என்ற சிறு தகட்டெழுத்துதான் பிரித்துக் காட்டும். 'ஒரே எண்ணில் இரண்டு நோட்டு, ஒன்று கள்ளம்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

1902 முதல் 1924 வரை சாசன எண்ணோடு ஒரு பெரிய எழுத்தும் வரும். அது வட்டாரத்தைக் குறிக்கும். மினசோட்டா வங்கி என்றால் 'எம்' இருக்க வேண்டும். வேறு எழுத்து இருந்தால் நோட்டைக் கீழே வைத்துவிடுங்கள்.

1911-ல அடிச்ச நோட்டுங்கிறீங்க, அதுல 1882 வரிசைன்னு போட்டிருக்கே?

இரண்டும் சரி. வங்கியின் சாசனம் 20 ஆண்டுக்கு. எந்த ஆண்டில் சாசனம் தொடங்கியதோ அல்லது புதுப்பிக்கப்பட்டதோ, அதை வைத்துத்தான் வடிவம் தீர்மானமாகும். அச்சான ஆண்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. 1872-இல் தொடங்கி ஒழுங்காகப் புதுப்பித்துவந்த வங்கி, 1892 வரை முதல் வடிவத்தையும், 1892 முதல் 1912 வரை 1882 வரிசையையும், அதன் பின் 1902 வரிசையையும் பெறும். அதனால் அடுத்தடுத்த ஊர் வங்கிகள் ஒரே மாதத்தில் வெவ்வேறு வடிவ நோட்டுகளை வாங்கியது சாதாரணம். முகப்பில் உள்ள தேதியும் அச்சான தேதி இல்லை.

காலத்தைக் குறுக்க வேண்டுமானால் பின்பக்கத்தைத் திருப்புங்கள். 1882 வரிசையில் முதலில் வந்தது பழுப்பு நிறப் பின்பக்கம், நடுவில் சாசன எண் பெரிதாக இருக்கும். பின்பக்கத்தில் 1882-1908 அல்லது 1902-1908 என்று இருந்தால், 1908 மே 30-ஆம் தேதி நெருக்கடிகாலச் சட்டத்துக்குப் பிறகு அச்சானது.

1929 நோட்டு ரெண்டு இருக்கு. ரெண்டுலயும் பழுப்பு முத்திரை. ஒண்ணுல மட்டும் ஏன் சின்ன ஊர் பேங்க் பேர் இல்ல?

அது சிற்றூர் வங்கி நோட்டே அல்ல. 1933 மார்ச் வங்கி நெருக்கடியில் அவசரமாகப் பணம் வேண்டியிருந்ததால், நேஷனல் பேங்க் நோட்டுக்கான அதே வடிவத்தில், நாட்டின் மைய வங்கி அமைப்பான ஃபெடரல் ரிசர்வின் வட்டார வங்கிகளுடைய பெயரை அடித்து வெளியிட்டார்கள். சாசன எண் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பில் ஒற்றை எழுத்து நிற்கும். சிகாகோ என்றால் 'ஜி'. விற்பவர்கள் இரண்டையும் கலந்துகட்டிச் சொல்வதுண்டு.

உண்மையான ஊர் வங்கி 1929 நோட்டிலும் இரண்டு வகை. முதல் வகையில் சாசன எண் கறுப்பில் இரண்டு இடத்தில் மட்டும். தாளுக்கு ஆறு நோட்டு, ஆறுக்கும் ஒரே எண், முன்னெழுத்து மட்டும் ஏ முதல் எஃப் வரை மாறும். 1933-இல் வந்த இரண்டாம் வகையில் வரிசை எண்ணுக்குப் பக்கத்தில் பழுப்பிலும் சாசன எண் இருக்கும், நோட்டுகளுக்குத் தொடர் எண்.

நல்லாத்தானே போயிட்டிருந்தது, ஏன் நிறுத்தினாங்க?

ஈடு வைக்கப் பத்திரம் இல்லாமல் போனது. நோட்டுக்கு ஈடாக ஏற்கப்பட்ட 2 சதவீதப் பத்திரங்களை அரசு 1935 ஜூலை 1, ஆகஸ்ட் 1 தேதிகளில் திருப்பிக் கட்டி முடித்தது. 1932-இல் மற்றப் பத்திரங்களையும் ஈடாக ஏற்க மூன்று ஆண்டுக்கு மட்டும் அனுமதி கொடுத்திருந்தார்கள், அதுவும் அதே கோடையில் தீர்ந்தது.

பழசா இருந்தா விலை போகுமா? வாங்கும்போது என்ன பார்க்கணும்?

வயதை விட, அந்த வங்கியின் நோட்டில் எத்தனை பிழைத்திருக்கின்றன என்பதுதான் விலை. 12,000-க்கும் மேற்பட்ட வங்கிகள் நோட்டு வெளியிட்டன. பெருநகர வங்கியின் 1882 நோட்டு எளிதாகக் கிடைக்கும். மேலே கணக்குப் போட்ட 6,250 டாலர் வங்கியின் 1929 நோட்டு ஒன்றுகூடக் கண்ணில் படாமல் போகலாம். மீட்பு அலுவலகம் கந்தலைத் தொடர்ந்து கூழாக்கியதால், மிஞ்சியவை பெரும்பாலும் யாரோ எடுத்து வைத்தவைதான்.

வாங்கும்போது சாசன எண்ணும் ஊரும் பொருந்துகின்றனவா என்று முதலில் பட்டியலில் பாருங்கள். அடுத்து கையெழுத்து. ரப்பர் முத்திரை மை வெளிறிப்போவது இயல்பு. அதைப் புது மையால் மேலே எழுதி 'தெளிவான கையெழுத்து' என்று விற்பார்கள். உருப்பெருக்கியில் பார்த்தால் புது மை காகித மடிப்பின் வெடிப்புக்குள் இறங்கியிருக்கும். மடிப்பு விழுவதற்கு முன் போட்ட கையெழுத்து அங்கே உடைந்திருக்கும். கழுவிய நோட்டு, இஸ்திரி போட்ட நோட்டு இரண்டையும் தவிருங்கள். மடிப்பு போய்விடும், கூடவே செதுக்கிய தகட்டில் அச்சிட்டதால் விரலில் தட்டுப்படும் மை மேடும் போய்விடும்.

இப்பவும் அமெரிக்காவுல இது செல்லுமா?

செல்லும், முகமதிப்புக்கு. 1933 ஜூனில் இவற்றைச் சட்டப்படி செல்லும் பணமாகவே அறிவித்துவிட்டார்கள். நார்த்ஃபீல்ட் நோட்டு ஒன்றைக் கொடுத்து ஐந்து டாலருக்குக் காப்பி குடிக்கச் சட்டம் தடுக்காது. கடைக்காரர்தான் ஒருமுறைக்கு இருமுறை நோட்டைத் திருப்பிப் பார்ப்பார்.